போகும் வழியும் திரும்பும் வழியும்: பிணையங்களை இணைக்கும் நிலைத்தடங்கள்

கடல்களுக்கு அப்பால் இருக்கும் ஒரு தரவு மையத்திலிருந்து காணொளியை நொடிப்பொழுதில் வரவழைத்துக் காட்டும் கணினி, அதே கட்டடத்தின் அடுத்த கூடத்தில் இருக்கும் அச்சுப்பொறியை எட்ட முடியாமல் நின்றுவிடுவது அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அடிக்கடி எழும் சிக்கலாகும். இரண்டு கூடங்களுக்கும் இடையே கம்பி இழுக்கப்பட்டிருக்கும், இரு பக்கமும் இணையம் தடையின்றி இயங்கும், அச்சுப்பொறியும் தன் பக்கத்துக் கணினிகள் கேட்டதை எல்லாம் அச்சிட்டுத் தரும். ஆயினும் இந்தப் பக்கத்திலிருந்து புறப்படும் தரவு அந்தப் பக்கத்தை அடைவதில்லை. தொலைவோ கம்பியின் பழுதோ இதற்குக் காரணம் ஆவது அரிது. பெரும்பாலும் இடையில் உள்ள கருவிகளுள் ஒன்றுக்கு வழி தெரிந்திருப்பதில்லை. அந்த வழியை மனிதர் ஒருவர் தம் கையாலேயே கருவிக்குள் எழுதிவைக்கும் முறை ‘ஸ்டேடிக் ரவுட்டிங்’ எனப்படுகிறது. அவ்வாறு எழுதப்படும் ஒவ்வொரு வழியையும் நிலைத்தடம் என்று குறிக்கலாம்.

எல்லையை அறிவது

ஒரே வளாகத்தில், பொதுவான கம்பியாலோ வைஃபையாலோ பிணைக்கப்பட்டு, நடுவில் எந்த இடையாளும் இல்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கருவிகளின் தொகுதியே உள்ளூர்ப் பிணையம், அதாவது ‘லேன்’. அதில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.25 என்பது போன்ற ஓர் ஐபி முகவரி உண்டு. 1981-இல் வகுக்கப்பட்டு இன்றும் வழக்கில் உள்ள ஐபி நெறிமுறையின் நான்காம் பதிப்பின்படி இம்முகவரி 32 இரும இலக்கங்களால் ஆனது. மனிதர் படிப்பதற்கு எளிதாக அதை எட்டு எட்டு இலக்கங்களாகப் பிரித்து நான்கு எண்களாக எழுதுகிறோம். இந்த 32 இலக்கங்களுள் முற்பகுதி பிணையத்தையும் பிற்பகுதி அப்பிணையத்துக்குள் இருக்கும் கருவியையும் சுட்டுகிறது. முற்பகுதி எத்தனை இலக்கங்களோடு முடிகிறது என்பதைக் கருவிக்கு அறிவிப்பதே பிணைய மறைப்பு என்னும் ‘சப்நெட் மாஸ்க்’. 255.255.255.0 என்று அது எழுதப்பட்டிருந்தால் முதல் 24 இலக்கங்கள், அதாவது முதல் மூன்று எண்கள், பிணையத்துக்கு உரியவை. இதையே சுருக்கமாக 192.168.1.0/24 என்று எழுதுவர்.

ஒரு பொதியை, அதாவது ‘பாக்கெட்’ எனப்படும் தரவுத் துண்டை, அனுப்புவதற்கு முன் கணினி தன்னிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறது: சேருமிடத்தின் பிணையப் பகுதியும் தன்னுடைய பிணையப் பகுதியும் ஒன்றா, வேறா? ஒன்றாக இருந்தால், அந்த முகவரிக்கு உரியவர் யார் என்று தன் பிணையம் முழுவதற்கும் கேள்வி ஒன்றைப் பரப்பி, உரிய கருவியின் வன்பொருள் முகவரியைப் பதிலாகப் பெற்று, பொதியை நேரே அதனிடம் சேர்த்துவிடுகிறது. 1982-இல் வகுக்கப்பட்ட ‘ஆர்ப்’ என்னும் நெறிமுறை செய்யும் வேலை இதுதான். வேறாக இருந்தால் கணினி சேருமிடத்தைத் தேட முற்படுவதே இல்லை. வெளிப் பிணையங்களுக்கான பொறுப்பாளர் என்று தனக்குச் சொல்லப்பட்டிருக்கும் இயல்பு நுழைவாயிலிடம், அதாவது ‘டீஃபால்ட் கேட்வே’யிடம், பொதியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்த நுழைவாயில் வழக்கமாக ஒரு திசைவி, மக்கள் ரவுட்டர் என்று அழைக்கும் கருவி.

எல்லாக் கருவிகளையும் ஒரே பிணையத்தில் வைத்துவிட்டால் இத்தனை சிக்கல் எதற்கு என்று தோன்றக்கூடும். ஆனால் மேலே சொன்ன பரப்புக் கேள்விகள் கருவிகளின் எண்ணிக்கையோடு பெருகி ஒவ்வொரு கருவியின் நேரத்தையும் தின்னும். ஒரு மூலையில் எழும் கோளாறு பிணையம் முழுவதையும் பாதிக்கும். மாணவர் ஆய்வகத்துக் கணினி ஒன்று கணக்குப் பிரிவின் கணினிகளை நேரடியாக எட்டும் நிலையும் உருவாகும். ஆகவே பிணையங்களைப் பிரித்துவைத்து, அவற்றுக்கு இடையிலான போக்குவரத்தைத் திசைவிகளின் பொறுப்பில் விடுவதே பொறியாளர்களின் நடைமுறையாக இருக்கிறது.

பொதி வழி தவறும் இடம்

ஒரு கல்லூரியின் அலுவலகப் பிணையம் 192.168.1.0/24 என்றும் ஆய்வகப் பிணையம் 192.168.2.0/24 என்றும் கொள்வோம். அலுவலகத்தில் இணைய இணைப்போடு கூடிய முதல் திசைவி 192.168.1.1 என்ற முகவரியில் இருக்கிறது. இரண்டாம் திசைவிக்கு இரண்டு இடைமுகங்கள், அதாவது இணைப்பு முனைகள், உண்டு. ஒன்று அலுவலகப் பிணையத்தில் 192.168.1.2 என்ற முகவரியோடும், மற்றொன்று ஆய்வகப் பிணையத்தில் 192.168.2.1 என்ற முகவரியோடும் இணைந்திருக்கின்றன. அலுவலகக் கணினிகளுக்கு முதல் திசைவியும் ஆய்வகக் கருவிகளுக்கு இரண்டாம் திசைவியும் இயல்பு நுழைவாயில்கள். 192.168.1.25 என்ற அலுவலகக் கணினி 192.168.2.40 என்ற ஆய்வக அச்சுப்பொறிக்கு ஒரு பொதியை அனுப்புகிறது.

சேருமிடம் தன் பிணையத்தில் இல்லை என்று கண்ட கணினி, பொதியை முதல் திசைவியிடம் கொடுக்கிறது. திசைவி தன்னிடம் உள்ள தட அட்டவணையைப் பார்க்கிறது. சாலைச் சந்திப்பில் நிற்கும் கைகாட்டிப் பலகை, ஓர் ஊருக்குப் போகும் முழுப் பாதையையும் விவரிக்காமல், அந்த ஊருக்கு இந்தப் பக்கம் திரும்புக என்று மட்டும் சொல்வதைப் போலவே, தட அட்டவணையும் இன்ன பிணையத்துக்கு உரிய பொதியை அடுத்ததாக யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது. முதல் திசைவியின் அட்டவணையில் இப்போது இரண்டு வரிகளே உள்ளன: 192.168.1.0/24 தன்னோடு நேரடியாக இணைந்திருக்கிறது என்பது ஒன்று. மற்ற எல்லா முகவரிகளுக்கும் இணைய நிறுவனத்தின் பக்கம் அனுப்புக என்பது மற்றொன்று. இரண்டாவது வரி 0.0.0.0/0 என்று எழுதப்படும். அதற்கு இயல்புத்தடம் என்று பெயர்.

192.168.2.0/24 என்ற பிணையத்தைப் பற்றி முதல் திசைவிக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே அது இயல்புத்தடத்தைப் பின்பற்றி, பக்கத்துக் கூடத்துக்குப் போக வேண்டிய பொதியை வெளியுலகுக்கு அனுப்பிவிடுகிறது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளும், 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை உள்ளனவும் தனியார் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. 1996-இல் வெளிவந்த ஆவணம் ஒன்று இவ்வொதுக்கீட்டை உறுதிசெய்தது. எந்த நிறுவனமும் யாரிடமும் கேளாமல் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால் பொது இணையத்தில் இவற்றுக்கு இடமில்லை. இணைய நிறுவனத்தின் திசைவிகள் இத்தகைய பொதியைக் கைவிட்டுவிடும். தொலைதூரத் தளம் திறப்பதும் பக்கத்து அச்சுப்பொறி கிடைக்காமல் போவதும் ஒரே அட்டவணையின் இரண்டு விளைவுகள்: தொலைவுக்கு அங்கே ஒரு வரி இருக்கிறது, அண்டைக்கு இல்லை.

ஒரு வரியைச் சேர்த்தல்

தீர்வாக முதல் திசைவியில் சேர்க்க வேண்டிய நிலைத்தடம் மூன்று செய்திகளை மட்டுமே கொண்டது: சேர வேண்டிய பிணையம் 192.168.2.0, அதன் மறைப்பு 255.255.255.0, அடுத்த தாவல் 192.168.1.2. அடுத்த தாவல் என்பது பொதியை அடுத்துப் பெற வேண்டிய திசைவியின் முகவரி. அது தடம் எழுதப்படும் திசைவி ஏற்கெனவே நேரடியாக எட்டக்கூடிய பிணையத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் திசைவியின் ஆய்வகப் பக்க முகவரியான 192.168.2.1-ஐ அடுத்த தாவலாக எழுதிவிடுவது புதியவர்கள் பெரிதும் செய்யும் பிழை. அந்த முகவரியை எட்டும் வழி தெரியாததால்தான் தடமே எழுதப்படுகிறது என்பதை நினைவில் கொண்டால் இப்பிழை நேராது.

வரி சேர்ந்த பின், பொதி முதல் திசைவிக்கு வந்தவுடன் அட்டவணையில் இரண்டு வரிகள் அதற்குப் பொருந்துகின்றன: எல்லாவற்றுக்கும் பொருந்தும் இயல்புத்தடம் ஒன்று, புதிய நிலைத்தடம் மற்றொன்று. இத்தகைய இடங்களில் மிகுதியான இலக்கங்கள் பொருந்தும் வரியே வெல்லும் என்பது விதி. 24 இலக்கங்கள் பொருந்தும் தடம் இருக்கும்போது ஓர் இலக்கமும் பொருந்த வேண்டாத இயல்புத்தடம் பின்தங்குகிறது. வரிகள் எழுதப்பட்ட வரிசைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. பொதி இரண்டாம் திசைவிக்குப் போகிறது. அதற்கு ஆய்வகப் பிணையம் நேரடியாகத் தெரியும் என்பதால் அது அச்சுப்பொறியிடம் சேர்த்துவிடுகிறது. இப்பயணம் முழுவதிலும் பொதியின் மேல் எழுதப்பட்ட அனுப்புநர், பெறுநர் ஐபி முகவரிகள் மாறுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மாறுவது வெளியுறையில் உள்ள 48 இலக்க வன்பொருள் முகவரிகளே. அவற்றோடு, ‘டிடிஎல்’ எனப்படும் ஆயுள் எண்ணும் ஒவ்வொரு திசைவியிலும் ஒன்று குறைகிறது.

அந்த ஆயுள் எண்ணின் அருமை பிழை நேரும்போதுதான் புலப்படும். பல வரிகளை ஒவ்வொன்றாக எழுதுவதைத் தவிர்க்க, 192.168 என்று தொடங்கும் எல்லாவற்றையும் இரண்டாம் திசைவிக்கு அனுப்புக என்று முதல் திசைவியில் ஒரே சுருக்கத்தடமாக எழுதிவிடுவது உண்டு. அப்போது 192.168.7.9 என்னும் இல்லாத முகவரிக்கு ஒரு பொதி வந்தால், முதல் திசைவி அதை இரண்டாவதிடம் தரும். இரண்டாவது திசைவி தன் அட்டவணையில் அப்பிணையத்தைக் காணாமல், தன் இயல்புத்தடத்தின்படி மீண்டும் முதலாவதிடமே தரும். ஆயுள் எண் இல்லாவிட்டால் அப்பொதி இரண்டுக்கும் இடையே முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும். எண் சுழியத்தைத் தொட்டவுடன் திசைவி பொதியை அழித்து, அழித்த செய்தியை அனுப்புநருக்கும் தெரிவிக்கிறது. சுருக்கத்தடம் எழுதுவோர், இரண்டாம் திசைவியில் இல்லாத முகவரிகளை அங்கேயே கைவிடச் செய்யும் வெற்றுத்தடம் ஒன்றையும் உடன் எழுதுவது இச்சுழலைத் தவிர்ப்பதற்காகவே.

திரும்பும் வழி

நிலைத்தடங்களில் நேரும் தவறுகளுள் பெரும்பகுதி ஓர் உண்மையை மறப்பதால் விளைகிறது: எழுதப்பட்ட ஒவ்வொரு தடமும் ஒருவழித் தடமே. கணினியின் கேள்வி அச்சுப்பொறியை அடைந்த வழியைப் பதில் பின்பற்றுவதில்லை. பதில் ஒரு புதிய பொதி, அதன் வழியை அச்சுப்பொறியும் திசைவிகளும் தத்தம் அட்டவணைகளைக் கொண்டு புதிதாகவே முடிவு செய்கின்றன. அச்சுப்பொறியில் நுழைவாயில் முகவரி நிரப்பப்படாமல் விடப்பட்டிருந்தால், தன் பிணையத்துக் கணினிகளுக்குக் குறையின்றிப் பதில் சொல்லும் அது, அலுவலகத்திலிருந்து வரும் கேள்வியைப் பெற்றும் பதிலை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கைவிட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் போகும் வழியே பழுது என்று தோன்றும்.

வழி இருந்தும் அது வேறு வழியாக இருப்பதும் உண்டு. மேற்கண்ட அமைப்பில் கேள்வி முதல் திசைவி, இரண்டாம் திசைவி என இரண்டையும் கடந்து போகிறது. பதிலோ, இரண்டாம் திசைவிக்கு அலுவலகப் பிணையம் நேரடியாகவே தெரியும் என்பதால், முதல் திசைவியைத் தொடாமல் கணினிக்கு வந்துவிடுகிறது. உரையாடலின் ஒரு பாதியை மட்டும் காணும் முதல் திசைவியில், உரையாடல்களைக் கண்காணிக்கும் தீயரண், அதாவது ‘ஃபயர்வால்’, இயங்கினால், முறையான தொடக்கமோ பதிலோ இல்லாத ஐயத்துக்குரிய போக்குவரத்து என்று கருதி அதைத் தடுக்கவும் கூடும். ஆகவே இரண்டு திசைவிகளையும் பயனர் பிணையத்தின் வழியே இணைக்காமல், அவற்றுக்கென்றே 10.0.0.0/30 போன்ற ஒரு சிறு இணைப்புப் பிணையத்தை ஒதுக்குவது நல்ல வடிவமைப்பாகக் கருதப்படுகிறது. அந்த /30 பிணையத்தில் நான்கு முகவரிகளே உண்டு. அவற்றுள் கருவிகளுக்குத் தரக்கூடியவை இரண்டு, இணைய வேண்டிய திசைவிகளும் இரண்டு. அப்போது போவதும் வருவதும் ஒரே வழியில் அமையும். ஆனால் இரண்டாம் திசைவிக்கு அலுவலகப் பிணையம் இனி நேரடியாகத் தெரியாது என்பதால், அதற்குரிய தடத்தையும் எழுதியாக வேண்டும்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான வைஃபை ரவுட்டர் ஒன்றை இரண்டாம் திசைவியாக வைக்கும்போது வேறொரு தடை எழுகிறது. அத்தகைய கருவிகள் தம் பின்னால் இருக்கும் எல்லா முகவரிகளையும் மறைத்து, தம் ஒரே முகவரியோடு வெளியே பேசும் ‘நேட்’ என்னும் முகவரிப் பெயர்ப்பை இயல்பாகவே செய்கின்றன. அதனால் ஆய்வகத்திலிருந்து அலுவலகத்தை எட்ட முடியும். அலுவலகத்திலிருந்து ஆய்வகத்தை எட்ட முடியாது. முதல் திசைவியில் நிலைத்தடத்தைச் சரியாக எழுதிய பின்னும் இந்த ஒருபக்க நிலை நீடித்தால், இரண்டாம் திசைவியில் முகவரிப் பெயர்ப்பையும் அதன் தீயரண் தடையையும் நீக்கினால் அன்றிப் பயன் கிட்டாது.

எப்படி அறிகிறோம்

கம்பிக்குள் ஓடும் பொதியைக் கண்ணால் காண இயலாது என்றாலும், அதன் பாதையை உறுதியாக அறியும் கருவிகள் இருக்கின்றன. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய ‘பிங்’ என்னும் சிறு நிரல், ஒரு முகவரிக்கு எதிரொலிக் கேள்வியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கிறது. பதில் வராதபோது கிடைக்கும் செய்தியின் வகையே ஒரு தடயம். சேருமிடத்தை எட்ட இயலவில்லை என்று ஒரு திசைவி திருப்பிச் சொன்னால், பொதி அத்திசைவி வரை சென்றது, பெரும்பாலும் அதன் அட்டவணையில் வரி இல்லை என்று பொருள். எந்தச் செய்தியும் வராமல் காலம் கடந்தால், கேள்வி வழியில் தொலைந்ததா, பதில் திரும்பும் வழியில் தொலைந்ததா என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்று பொருள்.

அடுத்த கருவி, 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் உருவாக்கிய ‘டிரேஸ்ரவுட்’. ஆயுள் எண்ணை வேண்டுமென்றே ஒன்று என்று வைத்து அனுப்பினால் பொதி முதல் திசைவியிலேயே அழிந்து, அத்திசைவி தன் முகவரியோடு அழிவுச் செய்தியை அனுப்பும். இரண்டு என்று வைத்தால் இரண்டாம் திசைவி பேசும். இவ்வாறு ஒவ்வொரு கட்டமும் தன் பெயரைத் தானே சொல்கிறது. நிலைத்தடம் எழுதப்படுவதற்கு முன் இக்கருவி 192.168.1.1-ஐயும் அதன் பின் இணைய நிறுவனத்தின் திசைவி ஒன்றையும் காட்டிவிட்டு வெறும் உடுக்குறிகளை வரிசையிடும். எழுதிய பின் 192.168.1.1, 192.168.1.2, 192.168.2.40 என்று மூன்று வரிகளில் முடியும். சுழல் இருந்தால் இரண்டு முகவரிகள் மாறி மாறி வரும்.

பிங் பதிலோடு வரும் ஆயுள் எண்ணும் படிக்கத் தக்கது. அச்சுப்பொறி 64 என்ற தொடக்க எண்ணோடு பதில் அனுப்புவதாகக் கொண்டால், கணினியை அடையும்போது அது 63 என்று இருக்கும். திரும்பும் வழியில் ஒரே ஒரு திசைவியைக் கடந்தது என்பதற்கு இதுவே சான்று. போகும் வழியில் இரண்டு திசைவிகள் இருந்ததை டிரேஸ்ரவுட் ஏற்கெனவே காட்டிவிட்டது. இரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே, போனதும் வந்ததும் வெவ்வேறு வழிகள் என்பது எந்தக் கருவியையும் திறந்து பார்க்காமல் தெரிந்துவிடும். இதுவும் போதாதபோது, ‘வயர்ஷார்க்’ போன்ற நிரலைக் கொண்டு ஆய்வகப் பக்கத்துப் போக்குவரத்தைப் பதிவு செய்து பார்த்தால், கேள்வி வந்து சேர்ந்ததா, பதில் புறப்பட்டதா என்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கும்.

கையால் எழுதுவதும் தானே கற்பதும்

தனித்தனிப் பிணையங்களை அவற்றின் இயல்பை மாற்றாமல் நடுவே நிற்கும் நுழைவாயில்களால் இணைக்கலாம் என்ற கருத்தை விண்டன் செர்ஃபும் ராபர்ட் கானும் 1974-இல் வெளியிட்டனர். 1977 நவம்பர் 22 அன்று, கலிபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டியின் வானொலிப் பிணையம், ‘ஆர்ப்பாநெட்’ என்னும் தரைவழிப் பிணையம், அட்லாண்டிக் செயற்கைக்கோள் பிணையம் ஆகிய மூன்றையும் கடந்து பொதிகள் சென்று சேர்ந்தபோது அக்கருத்து செயலில் மெய்ப்பிக்கப்பட்டது. பிணையங்கள் பெருகியபோது, திசைவிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறி வழிகளைத் தாமே கற்றுக்கொள்ளும் இயங்குதட நெறிமுறைகள் வளர்ந்தன. ‘ரிப்’ என்னும் நெறிமுறை 1988-இல் ஆவணமாக்கப்பட்டது. அதன்படி ஒவ்வொரு திசைவியும் 30 நொடிக்கு ஒருமுறை தன் அட்டவணையை அண்டைத் திசைவிகளுக்கு அறிவிக்கிறது.

தானே கற்கும் முறைக்கும் தனக்கே உரிய தவறுகள் உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட்டின் கணு ஒன்றில் இரும இலக்கங்கள் சிதைந்து உருவான தவறான நிலைச் செய்திகள், ஒவ்வொன்றும் மற்றதைவிடப் புதியது என்று கருதப்பட்டு ஓயாமல் பரவியதால், பிணையமே சில மணி நேரம் முடங்கியது. நிலைத்தடம் இத்தகைய வதந்திகளை நம்புவதில்லை. யார் எழுதினாரோ அவர் மாற்றும் வரை அது மாறாது. அதன் வலிமையான இதுவே அதன் குறையும் ஆகும். நடுவில் கம்பிகளைப் பிணைக்கும் ‘சுவிட்ச்’ ஒன்று இருந்து, அதற்கு அப்பால் உள்ள இரண்டாம் திசைவி அணைந்துபோனால், முதல் திசைவியின் இடைமுகம் உயிரோடு இருப்பதால் நிலைத்தடம் அட்டவணையில் அப்படியே நிற்கும்; பொதிகள் தொடர்ந்து அனுப்பப்பட்டுத் தொலைந்துகொண்டே இருக்கும். மாற்று வழி ஒன்று இருந்தாலும் அதை அது தேடாது.

ஆகவே இரண்டு மூன்று பிணையங்களும், அவற்றுக்கு இடையே ஒரே ஒரு வழியும் உள்ள இடத்தில் நிலைத்தடமே எளிது, வெளிப்படையானது, போதுமானது. பிணையங்கள் பல்கி, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் தோன்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லாத் திசைவிகளையும் திருத்த வேண்டிய நிலை வரும்போது இயங்குதட நெறிமுறைக்கு மாறுவதே அறிவுடைமை. எந்த முறையாயினும், இணைய வேண்டிய இரு பிணையங்களும் ஒரே முகவரித் தொகுதியைக் கொண்டிருந்தால் பயனில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இரு பக்கமும் 192.168.1.0/24 என்று விடப்பட்டிருந்தால், சேருமிடம் தன் பிணையத்திலேயே இருப்பதாகக் கணினி கருதி, பொதியைத் திசைவியிடம் தராமலே நின்றுவிடும். ஒரு பக்கத்துக்கு வேறு முகவரித் தொகுதி தருவதே அங்கே முதல் வேலை.

நிலைத்தடம் எழுத முற்படுவோர் திசைவியைத் தொடுவதற்கு முன் பிணையங்களையும் திசைவிகளையும் ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு இடைமுகத்துக்கும் அதன் முகவரியை எழுதி, போகும் பொதியையும் திரும்பும் பொதியையும் தனித்தனியே விரலால் தொடர்ந்து பார்க்க வேண்டும். விரல் எந்தத் திசைவியில் தயங்குகிறதோ அங்கேதான் ஒரு வரி குறைகிறது. எழுதிய தடத்தைக் கருவியின் நிலையான அமைப்பில் சேமிப்பதும் இன்றியமையாதது, ஏனெனில் பல கருவிகளில் கட்டளை வழியாக மட்டும் சேர்க்கப்பட்ட தடம் மின்சாரம் போய் வந்தவுடன் மறைந்துவிடும். அந்தத் தாளையும், எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்ற குறிப்பையும் அடுத்து வருபவருக்காகப் பாதுகாத்து வைப்பது பொறியாளரின் கடமை.